மூன்றாம் டிவிஷனின் பதில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குக் கம்பியில்லா வலையமைப்பைப் பற்றி ஓர் அறிமுகம் எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். ரௌட்டர் என்றால் என்ன, ஆக்சஸ் பாயிண்ட் என்றால் என்ன, எந்த ஏரியலை எங்கே மாட்டுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் படம் போட்டு இருக்கிறது. அதைப் பார்த்து எழுதி நான் பெயர் வாங்கப் போவதில்லை. கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என்னுடைய தப்பு அது. யாரும் அச்சுப் போட்டிருக்க மாட்டார்கள்.

போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு வீட்டில் சாமான்களை மாட்டிவிட்டு, கைப்பேசியைத் தூக்கிக் காட்டி, "பாருங்க அங்கிள், சிக்னல் கட்டம் முழுசா இருக்கு" என்றார். அந்தக் கட்டம் என்ன சொல்கிறது? கூரையில் இருக்கும் பெட்டி பேசுவது கைப்பேசிக்குக் கேட்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான். கைப்பேசி பேசுவது பெட்டிக்குக் கேட்கிறதா என்று அதற்குத் தெரியாது. பெட்டிக்குத் தொண்டை பெரிது, கைப்பேசிக்குச் சிறிது. ஒரு கை தட்டினால் ஓசை வருமா? இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த ஒரு வரியை நான் எப்படிக் கற்றேன் என்று தெரிந்தால்தான் நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசி. ஈப்போ டவுனில் ஒரு சின்ன வானொலிக் கம்பெனியில் எனக்கு வேலை. தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பேசும் பெட்டிகள் மாட்டிக் கொடுப்போம். நடுவில் ஒரு பெரிய பெட்டி, சுற்றிலும் நாலைந்து சின்னப் பெட்டிகள், எல்லாருக்கும் ஒரே அலைவரிசை, ஒருவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். நீங்கள் இன்று மாட்டுவதன் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தியவானுக்குப் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டம். மூன்று டிவிஷன்கள், அதாவது தோட்டத்தின் மூன்று பிரிவுகள். ஆபீஸும் தோட்டத்து மருந்தகமும் ஒரே வளாகத்தில். மூன்றாம் டிவிஷன் மட்டும் எட்டு மைல் தள்ளி, செம்மண் ரோட்டின் கோடியில். மழை பெய்தால் வேன் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். டெலிபோன் கம்பி அங்கே போகவே இல்லை. அவசரத்துக்கு டிரஸ்ஸரை, அதாவது மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவரை, கூப்பிட வேண்டுமென்றால் சைக்கிளில் ஆள் வர வேண்டும். அதற்காகத்தான் வானொலி வைக்கத் தோட்டத்து மேலாளர் துரை சம்மதித்தார்.

எந்த மாதத்தில் கூப்பிட்டார்கள்? பிப்ரவரியில். தோட்டங்களில் அது வழக்கம். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் நேரத்தில் பால் குறைந்துவிடும், வெட்டு நிறுத்தப்படும், ஆட்கள் கை சும்மா இருக்கும். கூரை மாற்றுவது, வெள்ளையடிப்பது, கம்பம் நடுவது எல்லாம் அப்போதுதான். எனக்கும் வசதி. நாலு பேர் கம்பம் தூக்க வந்தார்கள்.

மூன்றாம் டிவிஷனில் பெட்டியை ஆயாக் கொட்டகையில் வைத்தோம். வெட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பகல் முழுக்க ஆள் இருக்கும் ஒரே இடமும் அதுதான். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பார்வதி அக்கா. என் வயதுதான் இருக்கும், மரியாதைக்கு அக்கா. பொத்தானை அமுக்கிப் பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும் என்று ஒரு தடவைதான் சொன்னேன், பிடித்துக்கொண்டார். இருபது அடிக் கம்பம் நட்டு ஏரியலை ஏற்றினேன். மீட்டரில் முள் நன்றாக ஏறியது. ஆபீஸிலிருந்து கிராணியின், அதாவது அங்கே எழுத்து வேலை பார்ப்பவரின், குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் வந்தது.

பார்வதி அக்கா கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இப்ப எலையெல்லாம் கொட்டிக் கெடக்கு. துளுத்து வந்துச்சுன்னா இந்தப் பக்கம் ஆகாசமே தெரியாது. கம்பம் இவ்ளோ போதுமா?" என்றார். நான் மீட்டரைத் தட்டிக் காட்டி, "ரேடியோவுக்கு ஆகாசம் வேணாங்க்கா, இது கரண்டுல போற விசயம்" என்று சொன்னேன். அவர் பிள்ளைகளிடம் போய்விட்டார். எத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் அந்தப் பதிலுக்காக என் முகம் சுடுகிறது.

ஏனென்றால் நான் ரப்பர் மரத்தடியில் பிறந்தவன். என் அப்பா முப்பது வருடம் பால் வெட்டியவர். ஏப்ரலில் புது இலை வந்தால் மர நெரைக்குள் நடுப்பகலில்கூட நிழல் எப்படி மூடிக்கொள்ளும் என்று எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. ஈப்போவுக்கு வந்து, சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தி, கையில் மீட்டரும் வந்தவுடன் அதெல்லாம் தோட்டத்து விஷயம் ஆகிவிட்டது. படித்தவன் கணக்கைப் பாமர ஜனம் திருத்துவதா என்ற திமிர். வேறு பெயர் வைத்து மெழுக மாட்டேன்.

இலை துளிர்த்தது. மாதம் ஒரு தடவை நான் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஏப்ரலில் போனபோது பார்வதி அக்காவின் குரல் கொஞ்சம் மெலிந்து வந்தது. அன்று மத்தியானமே கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேறு வேலை. குரல் வருகிறதல்லவா என்று 'தெளிவு' என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். ஆபீஸ் கிராணியும் என் வழிதான். தினமும் காலை எட்டு மணிக்கு மூன்று டிவிஷனையும் கூப்பிட்டு, பதில் வந்தால் குறிப்பேட்டில் ஒரு கோடு போட வேண்டும். முதலில் முழு வாக்கியம் வந்தது, கோடு போட்டார். பிறகு பாதி வாக்கியம் வந்தது, கோடு போட்டார். கடைசியில் கரகரப்பு மட்டும் வந்தது, அதற்கும் கோடு போட்டார். பழக்கம் ஆகிவிட்டால் காதுக்குப் பதில் கை கேட்க ஆரம்பித்துவிடும்.

மே மாதம் நான் அங்கே போன நாளில், முந்தின ராத்திரி நல்ல மழை. காலை ஒன்பதரை இருக்கும். நான் ஆபீஸுக்குள் நுழைந்தபோது கிராணி தே தாரிக், அதாவது ஆற்றிய பால் டீ, குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு பெட்டி?" என்றேன்.

"ஓகே லா அண்ணே. இப்ப கொஞ்ச நேரமா டக்கு டக்குனு ஒரு சத்தம் மட்டும் வருது. மழை பேஞ்சா இப்படித்தான், ஈரம் பூந்துருக்கும்."

நின்று கேட்டேன். டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக். ஈரம் பூந்த பெட்டி இப்படி மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பேசாது. யாரோ பொத்தானை அமுக்கி அமுக்கி விடுகிறார்கள் என்று எனக்குச் சட்டென்று உறைத்தது.

பெட்டியில் இரைச்சலை அடக்கி வைக்க ஒரு குமிழ் உண்டு. சமிக்ஞை போதிய பலத்தோடு வந்தால்தான் அது வாயைத் திறக்க விடும், மற்ற நேரம் பெட்டி அமைதியாக இருக்கும். அதை முழுசாகத் திறந்துவிட்டேன். அறை முழுக்க இரைச்சல். அதற்குள்ளே நடுநடுவே, அந்தப் பக்கம் பொத்தான் அமுங்கும்போதெல்லாம் இரைச்சல் கொஞ்சம் அடங்கி, அடங்கின இடத்தில் ஒரு பெண்குரலின் நிழல். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அழுகிறார் என்று தெரிந்தது.

ஒலிவாங்கியை எடுத்தேன். "மூணாம் டிவிஷன், பார்வதி அக்கா, நான் பேசுறது கேக்குதா?" இரைச்சல் அடங்கி, குரலின் நிழல் வேகமாகப் பேசியது. ஆக, என் குரல் அவருக்குப் போகிறது. எங்கள் பெட்டி பெரியது, கம்பம் உயரம். அவருடைய பெட்டி சின்னது, கம்பம் இலைக்கு அடியில், இலையெல்லாம் ஈரம். அவர் எங்களைக் கேட்கிறார், நாங்கள் அவரைக் கேட்கவில்லை. நான் மீட்டரைத் தட்டிக் காட்டியதன் பலன் அங்கே நின்றுகொண்டிருந்தது.

கிராணி ஓடிப்போய் டிரஸ்ஸரைக் கூட்டி வந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வேலையில் சுத்தம், பேச்சில் சுருக்கம், கோபம் மட்டும் தாராளம். விஷயத்தைச் சொன்னதும் பையைத் தோளில் மாட்டினார். "வேன் நிக்குது. நான் போறன்."

"ரெண்டு நிமிசம் இருங்க சார். என்னன்னு கேட்டுட்டுப் போங்க."

"கேக்கேலாது எண்டு இப்பத்தானே சொன்னீர்?"

"பேச்சு வராது. ஆமா, இல்லைன்னு மட்டும் வாங்கலாம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். போவதா நிற்பதா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முக்கால் மணி நேரப் பாதை. போய்ச் சேரும்வரை அங்கே என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. நின்றார்.

நான் நிதானமாகப் பேசினேன். "அக்கா, நீங்க பேச வேணாம். பொத்தானை மட்டும் அமுக்குங்க. ஆமான்னா, அஞ்சு எண்ற வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. இல்லைன்னா, சட்டு சட்டுனு ரெண்டு தடவை. புரிஞ்சுதா?" இரைச்சல் அடங்கியது. மனதுக்குள் ஐந்து எண்ணினேன். மறுபடி இரைச்சல்.

"உங்க பேரு பார்வதியா?" நீளமாக ஒன்று.

"உங்க பேரு கமலமா?" குட்டியாக இரண்டு.

டிரஸ்ஸர் மேசையைக் குத்தினார். "ஓய், ஆள் சாகக் கிடக்குதோ என்னவோ, நீர் பேர் கேக்கிறீர்?"

அவர் கோபம் நியாயம். ஆனால் தம்பிகளே, அதில் மட்டும் நான் செய்தது சரி என்று இன்றும் சொல்வேன். விடை தெரிந்த கேள்வியை முதலில் கேட்டு, வருகிற பதில் பதில்தானா என்று பார்த்துக்கொள்ளாவிட்டால், அடுத்து வருவது இலைச் சத்தமா ஆமாவா என்று எப்படித் தெரியும்? கல்யாணப் பேச்சில் மௌனம் சம்மதமாக இருக்கலாம். எங்கள் தொழிலில் மௌனம் வெறும் மௌனம்தான். அதனால்தான் இல்லைக்கும் அமுக்கச் சொன்னேன்.

"யாருக்காவது உடம்புக்கு ஆபத்தா?" நீளம்.

"பெரியவங்களுக்கா?" இரண்டு.

"பிள்ளைக்கா?" நீளம்.

"பாம்பு கடிச்சுதா?" இரண்டு. "விழுந்துட்டாங்களா?" இரண்டு.

டிரஸ்ஸரின் முகம் மாறியது. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏதாவது குடிச்சதோ கேளும்."

"எதையாச்சும் குடிச்சிருச்சா அக்கா?" நீளம்.

"மண்ணெண்ணெயா?" இரண்டு.

"பால் உறைய வைக்கிற ஆசிட்டா?"

இரைச்சல் அடங்கியது. ஐந்து எண்ணினேன், ஆறு, ஏழு, எட்டு. அவர் பொத்தானை விடவே இல்லை.

டிரஸ்ஸர் என் தோளைப் பிடித்தார். "சத்தி எடுக்கப் பண்ண வேண்டாம் எண்டு சொல்லும். முதல் அதைச் சொல்லும். உள்ளே போகேக்கை சுட்டது, வெளியிலை வரேக்கை திரும்பவும் சுடும்."

தோட்டத்தில் பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் முதல் வைத்தியம் என்ன என்று எனக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் கரைத்துப் புகட்டி, தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். என் அம்மாவும் செய்திருக்கிறார். நல்ல மனதோடு செய்வதுதான்.

"அக்கா, வாந்தி எடுக்க வைக்காதீங்க. கேட்டுச்சா?" நீளம்.

"உப்புத் தண்ணி குடுத்துட்டீங்களா?" இரண்டு.

"கரைச்சு வச்சிருக்கீங்களா?" நீளம்.

"கீழ ஊத்திருங்க. ஊத்திட்டு அமுக்குங்க."

இரைச்சல். இரைச்சல். இரைச்சல். டிரஸ்ஸர் வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டினேன். பிறகு நீளமாக ஒன்று.

வாயைத் தண்ணீரால் கழுவித் துப்ப வைப்பது, நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, படுக்க வைக்காமல் மடியில் உட்கார வைப்பது என்று டிரஸ்ஸர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நீளமான பதில் வந்த பிறகுதான் அடுத்தது. மொத்தம் நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் வேனில் ஏறிப் போனார். அவர் போய்ச் சேரும்வரை நான் ஒலிவாங்கியை வைக்கவில்லை. "பிள்ளை முழிச்சிருக்கா அக்கா?" நீளம். "வேன் ரெண்டாம் டிவிஷனைத் தாண்டியிருக்கும், கேக்குதா?" நீளம். வேறு சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோதும் கேட்டுக்கொண்டே இருந்தேன். தனியாக இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

பிள்ளையின் பெயர் கலா. நாலு வயது முடியவில்லை. யாரோ ஆரஞ்சுச் சோடா பாட்டிலில் ஊற்றிக் கொட்டகைக்குப் பின்னால் வைத்திருந்ததை ஒரு வாய் குடித்துவிட்டாள். டிரஸ்ஸர் அவளை ஈப்போ ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார். அவள் தாய் வெட்டுக் காட்டிலிருந்து ஓடி வந்தபடியே, பால் படிந்த சட்டையோடு வேனில் ஏறினாராம். ஐந்தாறு நாள் எங்களுக்கு ஒரு சேதியும் நல்லதாக இல்லை. பிறகு டிரஸ்ஸர் ஒரு நாள் எங்கள் கம்பெனிக்கே போன் செய்தார். "கஞ்சி குடிக்கிறாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மழையால் பழுது என்று அறிக்கையில் எழுதினால் தோட்டத்தில் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். எழுதிப் பார்த்தேன், காகிதத்தைக் கிழித்தேன். எங்கள் சூப்பர்வைசரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "எந்த மாசம் அளந்தே?" "பிப்ரவரி சார்." "உங்கப்பா பால் வெட்டினவர்தானே?" "ஆமா சார்." கிடங்குச் சாவியை எடுத்து மேசையில் வைத்து, "உயரமான கம்பம் மூணு கெடக்கு, எடுத்துட்டுப் போ" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இந்தத் தடவை மீட்டரைக் காரிலேயே வைத்துவிட்டுப் பார்வதி அக்காவிடம் போனேன். அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறொன்றைச் சொன்னார். "நீங்க பேசுறது ஒவ்வொரு நாளும் நல்லாத்தான் கேட்டுச்சுண்ணே. அதனால நான் பேசுறதும் அங்க நல்லா கேக்குதுன்னு நெனச்சேன். அன்னைக்கு நான் கூப்புட்டுக்கிட்டே இருக்கேன், யாரும் வரல. கேட்டும் வரலன்னு நெனச்சேன்."

கேட்டும் வரவில்லை என்று. கிராணி வெறும் 'டக்கு டக்கு' என்று விட்டுவிட்டது அவருக்கு அப்படித்தான் பட்டிருக்கிறது. இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய உங்கள் பெட்டிகள் ஒவ்வொரு துண்டுச் சேதிக்கும் 'கிடைத்தது' என்று தமக்குள் பதில் சொல்லிக்கொள்கின்றன. பெட்டிக்கு அந்த மரியாதை தெரிகிறது. மாட்டுகிற நமக்கும் தெரிய வேண்டும். காலியான மண்டபத்தில் அளந்துவிட்டு, ஆயிரம் பேர் வந்து உட்காரும் நாளை மறந்துவிடாதீர்கள். அங்கேயே இருக்கப்போகிறவரைக் கேளுங்கள்.

கம்பத்துக்கு இடம் பார்க்க அக்காவும் நானும் நடந்தோம். மறுநடவுக்காகப் பழைய மரங்களை வெட்டிக் கன்று வைத்திருந்த மேடு ஒன்று திறந்த வெளியாக இருந்தது. எனக்குப் பிடித்துப்போனது. "இது எத்தனை வருசத்துல மூடும்?" என்று கேட்டேன். "அஞ்சு, ஆறு வருசம் போதும்ணே" என்று சிரித்தார். அந்த மேட்டை விட்டேன். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்த பாறையைக் காட்டினார். அங்கே மரம் வராது. தொட்டிக்குப் பக்கத்தில் கம்பத்தை நிறுத்தி, ஏரியலை இலைக்கூட்டத்துக்கு மேலே ஏற்றி, கம்பியைக் கொட்டகைவரை இழுத்தோம்.

சோதித்துப் பார்க்க நான் ஆபீஸுக்கு வந்துவிட்டேன். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. இலை நிறைய, ஈரம் நிறைய. எனக்கு வேண்டியதும் அதுதான். கிராணி கையில் குறிப்பேடு.

"மூணாம் டிவிஷன், ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க அக்கா" என்றேன்.

"நான் எண்ணல. வேற ஆள் வந்துருக்கு" என்றார் பார்வதி அக்கா. அவர் மூச்சுகூடக் கேட்டது. பிறகு ஒரு சின்னக் குரல். கொஞ்சம் கரகரப்பு. பெட்டியின் கரகரப்பு இல்லை, தொண்டையின் கரகரப்பு. அந்தப் பிள்ளையின் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. எட்டு. ஒம்போது. பத்து."

கிராணி பேனாவைக் குறிப்பேட்டில் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏழு காணோம். எட்டு மைலில் எங்கோ ஓர் ஈர இலை அதை விழுங்கிவிட்டதா?

"இன்னொரு தடவை எண்ணும்மா."

மறுபடி ஆறுக்குப் பிறகு எட்டு. கம்பத்தை இன்னும் ஏற்ற வேண்டுமா, கம்பியில் பழுதா என்று மனம் ஓடியது. மூன்றாவது தடவையும் ஏழு வரவில்லை.

"அக்கா, ஏழு மட்டும் இங்க வர மாட்டேங்குது."

அந்தப் பக்கம் பார்வதி அக்கா சிரித்த சிரிப்பு அறை முழுக்கத் தெளிவாகக் கேட்டது. "அவளுக்கே ஏழு இன்னும் வராதுண்ணே."

கிராணியிடமிருந்து குறிப்பேட்டை வாங்கினேன். கோடு போடவில்லை. 'மூன்றாம் டிவிஷன், சொன்னது அத்தனையும் கேட்டது. ஏழு சொல்லப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.